ஸ்டென்ட் வச்ச அப்பாவுக்கு ஆன்டிஆக்சிடன்ட் கேப்சூல் வாங்கலாமா?

ஜூன் 16, காலை 7:40
வலங்கைமான் பக்கத்துலேருந்து ஒருத்தர் கேட்டது:
"அப்பாவுக்கு 63 வயசு. போன மாசம் அட்டாக் வந்து ரெண்டு ஸ்டென்ட் வச்சிருக்கு. மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடுறார். சொந்தக்காரர் ஒருத்தர் ஆன்டிஆக்சிடன்ட் கேப்சூல்னு கொண்டாந்து, டப்பா 2,400 ரூபா, குழாய்ல ஒட்டுன கொழுப்பை எல்லாம் கரைச்சிரும்னு சொல்றார். காய்கறி, பழத்துல இருக்குற சத்துதானே, குடுத்தா என்ன?"

ஜூன் 16, காலை 9:15
வாங்காதீங்க. மீதிய மத்தியானம் கடையில கூட்டம் கொறைஞ்சதும் எழுதுறேன்.

ஜூன் 16, மதியம் 2:50
பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவுல 21 வருஷமா மெடிக்கல் வச்சிருக்கேன். அந்த மாதிரி டப்பா என் கடை அலமாரியிலயும் ரெண்டு மூணு கம்பெனிது நிக்குது, அதுல ஒண்ணு வித்தா எனக்கு நிக்கிற காசு உங்க அப்பாவோட கொழுப்பு மாத்திரையில நாலு மாசம் வித்தாலும் நிக்காது, அதனால என் வயித்துல நானே அடிச்சுக்கிட்டுதான் பேசுறேன்னு தெரிஞ்சுக்குங்க.

உங்க சொந்தக்காரர் சொல்ற கதையில பாதி சரி. எல்டிஎல்னு சொல்ற கெட்ட கொழுப்பு ரத்தக்குழாய் சுவத்துக்குள்ள புகுந்து உக்காந்து ஆக்சிஜனோட சேந்து கெட்டுப் போகுது, எண்ணெய் சிக்கு வாடை அடிக்குமே அந்த மாதிரி. கெட்டத தின்னு தீக்க வெள்ளை அணு வருது, தின்னு தின்னு ஊதி அங்கயே செத்துப் போயி அடைப்புக்கு அஸ்திவாரம் ஆயிடுது. 1980கள்ல இது தெரிய வந்ததும் எல்லாருக்கும் ஒரே குஷி, கெட்டுப் போகாம தடுக்குற சாமான, அதான் ஆன்டிஆக்சிடன்ட், மாத்திரையா உருட்டிக் குடுத்துட்டா கதை முடிஞ்சுதுன்னு. குடுத்தும் பாத்தாங்க, ஒண்ணு ரெண்டு பேருக்கு இல்ல. 2000ல வந்த ஹோப்னு ஒரு ஆய்வு, ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேரு, தினம் 400 யூனிட் விட்டமின் ஈ, நாலரை வருஷம். அட்டாக்கும் கொறையல, சாவும் கொறையல.

அதவிட 2002ல பிரிட்டன்ல முடிஞ்சதுதான் எனக்கு முக்கியம். 20,536 பேரு, அஞ்சு வருஷம். அதே ஆளுங்களையே ரெண்டு விதமா பிரிச்சாங்க. ஒரு பிரிவுல விட்டமின் ஈ, சி, கேரட்டுக்கு நெறம் குடுக்குற பீட்டா கரோட்டீன் மூணும், இன்னொரு பிரிவுல சிம்வாஸ்டாட்டின்ங்கிற கொழுப்பு மாத்திரை 40 மில்லிகிராம், எதுத்தாப்புல வெறும் டம்மி. விட்டமின் தின்னவங்க ரத்தத்துல விட்டமின் நல்லா ஏறித்தான் இருந்துச்சு, அட்டாக் மட்டும் ஒரு இம்மியும் கொறையல. கொழுப்பு மாத்திரை போட்டவங்களுக்கு அட்டாக், ஸ்ட்ரோக் எல்லாம் சேத்துப் பாத்தா கிட்டத்தட்ட கால்வாசி கொறைஞ்சுது. உங்க அப்பா ஏற்கனவே தின்னுக்கிட்டு இருக்குறது இந்த ரெண்டாவது ரகம்.

இன்னொண்ணு. ஸ்டென்ட் வச்சவங்களுக்கு ரத்தம் உறையாம ரெண்டு மாத்திரை குடுத்திருப்பாங்க. அதை டாக்டர் சொல்லாம ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. கேப்சூல் வந்தா மாத்திரை போயிடும்ங்கிறதுதான் என் பயமே. ஏன்னு அப்புறம் சொல்றேன்.

ஜூன் 17, இரவு
தஞ்சாவூர்லேருந்து ஒரு அம்மா, "அப்ப காய்கறி தின்னும் பிரயோஜனம் இல்லையா தம்பி"ன்னு கேக்குறாங்க. இருக்கும்மா. அதான் இதுல வேடிக்கையே.

பின்லாந்துல 1994ல ஒரு ஆய்வு வந்துச்சு. சிகரெட் குடிக்கிற ஆம்பளைங்க 29,133 பேரு. பீட்டா கரோட்டீன் மாத்திரை போட்டவங்களுக்கு நுரையீரல் கேன்சர் 18 சதவீதம் கூடிப் போச்சு. கொறையும்னு நெனைச்சுக் குடுத்தது! அதே ஆய்வுலயே, ஆரம்பத்துல சாப்பாட்டு மூலமா ரத்தத்துல பீட்டா கரோட்டீன் நெறைய இருந்தவங்களுக்கு கேன்சர் கம்மியா இருந்துச்சு. ஒரே சாமான், தட்டுலேருந்து வந்தா ஒரு மாதிரி, டப்பாலேருந்து வந்தா வேற மாதிரி. கேரட் தின்னவன் கேரட்ட மட்டுமா தின்னான், நார்ச்சத்து, பொட்டாசியம் எல்லாம் கூட வருது, கேரட் தின்ன எடத்துல மிக்சர் திங்கல, காய் திங்குறவன் பொதுவா கொஞ்சம் ஒடம்பப் பாத்துக்குறவனாவும் இருப்பான். இதுல பீட்டா கரோட்டீனுக்கு மட்டும் மாலை போட்டா எப்பிடி.

ஜூன் 18
துவர்ப்பு. இத சொல்லாம விட்டுட்டேன்.

நேத்து எங்க வீட்டுல பூவன் வாழைப்பூ. கடையடைச்சுட்டுப் போறேன், அம்மா மடல உரிச்சு வச்சுட்டு, கள்ளன எடு, வெட்டி மோர்ல போடுன்னு என் தலையில கட்டிட்டாங்க. நாலு மடல் முடியுறதுக்குள்ள வெரல் நுனியெல்லாம் கறுப்பு. பேசிக்கிட்டே மோர்ல போட மறந்த ஒரு பிடி, பலகையில இருந்தபடியே பழுப்பாப் போச்சு. இந்த டப்பாக்காரங்க பெருசா பேர் போட்டு விக்கிற பாலிஃபினால் அதுதாங்க, நம்ம வாழைப்பூக் கறை. வெட்டுனதும் காயில இருக்குற நொதியும் காத்தும் சேந்து அதக் கறுக்க வைக்குது, மோரோட புளிப்பு அந்த நொதிய மட்டுப்படுத்துது. அறிவியல் படிக்காமலே நம்ம பாட்டிங்க அதத்தான் செஞ்சாங்க. வாயில வச்சா துவர்க்குறதும் அதனாலதான், எச்சில்ல இருக்குற புரதத்த அது புடிச்சுக்குது, நாக்கு வரட்டுன்னு ஆயிடுது. வாழைப்பூ, கடுக்காய், பாக்கு, மாதுளந்தோல், பால் ஊத்தாத டீ, எல்லாம் ஒரே சாதி.

துவர்ப்புக்குன்னு தனியா பேர் வச்சு அறுசுவையில ஒண்ணா உக்கார வச்ச ஆளுங்க நாம, இப்ப அத 2,400 குடுத்து டப்பாவுல தேடுறோம்.

ஜூன் 18, கொஞ்ச நேரம் கழிச்சு
பாக்குன்னு எழுதுனதப் பாத்துட்டு "அப்ப வெத்தல பாக்கு நல்லதா"ன்னு ஒருத்தர் சந்தோஷமா கேட்டுட்டார். ஐயா, இல்ல. கும்பகோணம் வெத்தலைய நான் கொற சொல்ல மாட்டேன், பாக்கு விஷயம் வேற. பொகையில இல்லாம வெறும் வெத்தல பாக்கு போட்டாலே வாய்ப்புத்து வரும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புத்துநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004லயே முடிவா சொல்லிடுச்சு. துவர்ப்பெல்லாம் நல்லதுன்னு நான் சொன்னதா யாரும் கெளப்பி விட்றாதீங்க.

ஜூன் 22, ஞாயிறு
அன்னைக்கு ஒரு பயம்னு சொன்னேன்ல. அது எங்க வீட்டுக் கதை.

எங்க அப்பாவுக்கு 2018ல அட்டாக், ஒரு ஸ்டென்ட். மூணு வருஷம் ஒழுங்காத்தான் ஓடுச்சு. மாசம் பொறந்தா கடைக்கு வருவார், சீட்டக் கூட நீட்ட மாட்டார், நானே எடுத்துக் குடுப்பேன், காசு குடுத்துட்டுத்தான் போவார், புள்ள கடைன்னாலும் கணக்கு கணக்குதான் அவருக்கு. 2021 தீவாளிக்கு முன்னாடி ரத்தம் எடுத்துப் பாத்தா எல்டிஎல் 148. அதுக்கு முந்தின தடவ 71. லேப்ல தப்புன்னு நெனைச்சு மறுபடியும் எடுத்தேன், அதே கதை. ரெண்டு நாள் கழிச்சு அம்மா பீரோவத் தொறந்து வேட்டி எடுக்கப் போயி, அடியிலேருந்து பிரிக்காத அட்டை ஏழு எடுத்தாங்க. ஏழும் கொழுப்பு மாத்திரை. என்கிட்ட வாங்குனது, என் கையால குடுத்தது.

சொந்தத்துல ஒருத்தர் ஆள் சேக்குற கம்பெனி ஒண்ணுல சேந்து, பதினெட்டுப் பழமோ என்னமோ கலந்த ஜூஸ் பாட்டில கொண்டாந்து குடுத்திருக்கார், இத குடிச்சா கொழுப்பு மாத்திரை வேண்டாம் மாமா, கல்லீரல் கெட்டுரும்னு. அப்பாகிட்ட கேட்டேன், அப்ப ஏன் மாசாமாசம் என்கிட்ட மாத்திரை வாங்குனீங்கன்னு. "நீ வருத்தப்படுவியேன்னுதான்டா"ன்னார். என்னத்தச் சொல்ல. சனங்களுக்கு மாத்திரை எப்பிடிப் போடணும்னு நாள் பூரா வகுப்பு எடுக்குறவன் வீட்டு பீரோவுல ஏழு அட்டை.

அந்த பாட்டில்ல ஓரேக்குனு போட்டு ஒரு பெரிய நம்பர். ஒரு பொருள் சோதனைக்குழாய்ல எவ்ளோ ஆக்சிஜனேற்றத்தத் தடுக்குதுங்கிற கணக்கு அது. ஒரு காலத்துல அமெரிக்க விவசாயத் துறையே அதுக்குப் பட்டியல் வச்சிருந்துச்சு, குழாய்ல வர்ற நம்பருக்கும் மனுச ஒடம்புக்கும் சம்பந்தம் காட்ட முடியல, கம்பெனிக்காரங்க விளம்பரத்துக்குத்தான் அத உபயோகப்படுத்துறாங்கன்னு 2012ல பட்டியலையே தூக்கிட்டாங்க. எங்க அப்பாவுக்கு பாட்டில் வந்தது அதுக்கு ஒன்பது வருஷம் கழிச்சு.

ஜூன் 22, இரவு
கம்பெனி பேரு கேக்குறவங்களுக்கு: சொல்ல மாட்டேன். வித்தவர் இன்னும் எங்க வீட்டுக் கல்யாணங்களுக்கு வர்றார், பாயசம் ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிக் குடிக்கிறார்.

ஜூன் 23
"ஆனா ஜூஸ் குடிச்சப்பறம் ரத்தத்துல ஆன்டிஆக்சிடன்ட் ஏறுதுன்னு டெஸ்ட்ல காட்டுறாங்களே." காட்டுவாங்க. ஆப்பிள் தின்னவங்க ரத்தத்த எடுத்து அமெரிக்காவுல 2004ல பாத்தப்பவும் ஏறித்தான் இருந்துச்சு. நோண்டிப் பாத்தா ஏத்தி விட்டது ஆப்பிளோட பாலிஃபினால் இல்ல, பழச் சக்கரையால ஒடம்பே சுரந்த யூரிக் ஆசிட். அதுவும் ஒரு ஆன்டிஆக்சிடன்ட்தானே, யூரிக் ஆசிட் ஏறி கால் கட்டைவெரல் வீங்கி நடக்க முடியாம கடைக்கு வர்றவங்கள்லாம் அந்தக் கணக்குல பெரிய புண்ணியவான்கள்.

ஜூலை 2
டீ இதயத்துக்கு நல்லதான்னு மூணு பேரு கேட்டுட்டீங்க.

1993ல நெதர்லாந்துல ஜூட்பென்ங்கிற ஊர் வயசான ஆம்பளைங்கள வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, 805 பேரு. டீ, வெங்காயம், ஆப்பிள் மூலமா ஃபிளேவனாய்டு, அதாவது பாலிஃபினால்ல ஒரு வகை, நெறைய எடுத்தவங்க மாரடைப்புல கம்மியா செத்தாங்க. இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் புள்ளையார் சுழி போட்டதே ஏறக்கொறைய அதுதான். அதே ஆராய்ச்சிக்காரங்க நாலு வருஷம் கழிச்சு வேல்ஸ் நாட்டுல கேர்ஃபில்லிங்கிற ஊர்ல பாத்தாங்க, அங்க அந்த நன்மை வரவே இல்ல. வேல்ஸ்காரன் நம்மாளு மாதிரி, டீயில பால் ஊத்துறவன். பால் புரதம் துவர்ப்பப் புடிச்சுக்கிட்டு விட மாட்டேங்குதோன்னு ஒரு சந்தேகம். 2007ல பெர்லின்ல பதினாறு பொம்பளைங்களுக்கு வெறும் டீ, பால் டீ ரெண்டும் குடுத்து ரத்தக்குழாய் எவ்ளோ விரியுதுன்னு அளந்தாங்க, வெறும் டீக்கு விரிஞ்சுது, பால் டீக்கு விரியல. ஆனா பால் ஊத்துனாலும் சத்து ரத்தத்துல ஏறத்தான் செய்யுதுன்னு வேற ஆய்வுகளும் இருக்கு. இன்னொண்ணு, வேல்ஸ்ல டீய அதிகம் குடிச்சது ஒழைச்சுக் களைச்ச தொழிலாளிங்க, சிகரெட்டும் கூட. டீயப் பாக்குறோமா, அவங்க பொழப்பப் பாக்குறோமா?

நான் டிகிரி காபி ஆளு. பாலு இல்லாத காபிய எங்க அம்மா காபியாவே ஒத்துக்க மாட்டாங்க. இதயத்துக்காக அத விடப் போறதில்ல. சக்கரைய மட்டும் ரெண்டு ஸ்பூன்லேருந்து அரைக்குக் கொண்டாந்துட்டேன், அதுக்கே ஒரு வருஷம் ஆச்சு.

ஜூலை 9
திருத்தம், முக்கியமானது. நாலு நாளைக்கு முன்னாடி தனியா கேட்ட ஒருத்தருக்கு "பழம் எதுவானாலும் தாராளமா சாப்பிடுங்க"ன்னு எழுதிட்டேன். தப்பு. இன்னைக்குக் காலையில கொல்லையில பம்பளிமாஸ் மரத்தடியில நின்னப்பதான் ஒறைச்சுது. கிரேப்ஃப்ரூட்னு வெளிநாட்டுப் பழம் ஒண்ணு, சில கொழுப்பு மாத்திரைங்கள ஒடம்பு கழிக்க விடாம தடுத்து ரத்தத்துல மாத்திரை அளவ ஏத்தி விட்டுடும், தசை வலி, அதுக்கு மேலயும் போகலாம். அந்தக் கிரேப்ஃப்ரூட்டுக்குத் தாய் நம்ம பம்பளிமாஸ்தான், ஆரஞ்சோட சேந்து பொறந்தது. அதே சரக்கு இதுலயும் இருக்கு. சிம்வாஸ்டாட்டின் போடுறவங்க இதுகிட்டயே போகாதீங்க, அட்டோர்வாஸ்டாட்டின் போடுறவங்க தினம் ஒரு பழம்னு உக்காராதீங்க, டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குங்க. ரோசுவாஸ்டாட்டினுக்கு இந்தத் தொல்லை கெடையாது. எங்க அப்பாவுக்கு அட்டோர்வா. மரம் அவரு வச்சது. பழத்த எல்லாம் அக்கா வீட்டுக்கு அனுப்பிட்டோம்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு
ஆத்துல தண்ணி ரெண்டு கரையும் தொட்டு ஓடுது. படித்துறையில காதோலை கருகமணி வச்சுக் கும்புட்டுட்டு வந்து புளியோதரை, தேங்கா சாதம், தயிர் சாதம், தொட்டுக்க வடாம். ஆன்டிஆக்சிடன்ட்டுக்கு எலுமிச்சை சாதம்.

சிரிப்ப விடுங்க, கருப்புக் கவுனி அரிசி வாங்கலாமான்னு திருவாரூர்க்காரர் கேட்டதுக்குப் பதில். கவுனியோட கறுப்பு ஆந்தோசயனின்ங்கிற பாலிஃபினால், நாவப்பழத்துல இருக்குற அதே நெறம், அது தவிட்டுலதான் இருக்கு. பட்டை தீட்டுனா போச்சு. தீட்டாமயே வாங்குனீங்கன்னு வைங்க, எங்க வீட்டுல என்ன நடந்துச்சுன்னா, ராத்திரி ஊற வச்ச தண்ணி காலையில ஊதாவா நின்னுச்சு, அம்மா அழுக்குன்னு நெனைச்சு கழனித் தொட்டியில ஊத்திட்டாங்க. வடிச்ச கஞ்சியும் ஊதா, அதுவும் தொட்டிக்கு. கிலோ குடுத்த காசுக்கு ஆன்டிஆக்சிடன்ட் பூரா எங்க வீட்டு மாட்டுக்கு. ஊறுன தண்ணியிலயே, வடிக்காம பொங்குங்க.

ஆனா ஒண்ணு. கவுனியோ மாப்பிள்ளை சம்பாவோ, சோறு சோறுதான். டெல்டாக்காரன் எலையில குழம்புக்கு ஒரு குன்று, ரசத்துக்கு ஒரு குன்று, மோருக்கு ஒரு குன்று. கூட்டு எலை மூலையில சந்தனம் மாதிரி. அந்தக் கணக்கத் திருப்பிப் போட்டா கவுனிக்குக் குடுக்குற காசு கூட மிச்சம். அப்பாவுக்கு ரசச் சோத்த மட்டும் நிறுத்துனோம், ரசத்த டம்ளர்ல குடிக்கிறார். மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான்.

ஆகஸ்ட் 19
மஞ்சள். அதுல இருக்குற குர்குமின மிளகோட சேத்தா இருபது மடங்கு ஒடம்புல ஏறும்னு எல்லாரும் பரப்புறாங்க. அது பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில 1998ல செஞ்சது, பொய் இல்ல. ஆனா அதுல குடுத்தது 2 கிராம் சுத்தக் குர்குமின். மஞ்சத்தூள்ல குர்குமின் நூத்துக்கு மூணு கிராம் அளவுதான். குழம்புல என் பங்குக்கு ஒரு கிராம் மஞ்சள் விழுந்தா 30 மில்லிகிராம். அந்த ரெண்டு கிராம எட்ட நான் அறுபத்தேழு பேரோட குழம்ப ஒருத்தனே குடிக்கணும். தவிர தனியா ஒண்ணுமே ஏறாத சாமான இருபதால பெருக்கினா எவ்ளோ வந்துரும். குழம்பு குழம்பா இருக்கட்டும்.

செப்டம்பர் 5
நெல்லிக்காய். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட பழைய அட்டவணையில நூறு கிராமுக்கு விட்டமின் சி 600 மில்லிகிராம், 2017ல போட்ட புதுசுல 252. அதுவே எக்கச்சக்கம், ஒரு நெல்லிக்காய்ல ஒரு நாள் தேவை முடிஞ்சுது. ஊறுகாயாப் போட்டுத் தின்னா விட்டமினோட உப்பும் போகுது, பிரஷர் இருக்குறவங்க பாத்துக்குங்க.

செப்டம்பர் 28
நான் ஒரேயடியா "இம்மியும் இல்ல"ன்னு அடிச்சுப் பேசுனது கொஞ்சம் ஓவர். கோகோவுல இருக்குற துவர்ப்புச் சரக்கான ஃபிளேவனால 500 மில்லிகிராம் கேப்சூலா இருபத்தோராயிரத்துச் சொச்சம் பேருக்குக் குடுத்துப் பாத்தது 2022ல வந்துச்சு. முக்கியக் கேள்விக்கு, அதாவது அட்டாக், ஸ்ட்ரோக் எல்லாம் சேத்துப் பாத்ததுக்கு, கொறைஞ்சுதுன்னு உறுதியா சொல்ல முடியல. இதயக் கோளாறுல சாவுறது மட்டும் 27 சதவீதம் கம்மி. அது ரெண்டாந்தரக் கேள்விக்கு வந்த பதில், இன்னொரு ஆய்வுல திரும்ப வந்தாத்தான் நம்பலாம். அதனால விட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டீன் மட்டும் கதை முடிஞ்சுது, துவர்ப்புக் கதை இன்னும் முடியலன்னு மாத்திச் சொல்றேன். இதப் படிச்சுட்டு சாக்லேட் வாங்கப் போறவங்களுக்கு, கடையில இருக்குறது முக்காவாசி சக்கரையும் பாலும்.

அக்டோபர் 14
மழை புடிச்சுக்கிச்சு, கரண்டு இல்ல, போன்ல தட்டுறேன். மயிலாடுதுறை அக்கா கேட்டது: இதய வால்வு மாத்துன சித்திக்கு கீரை குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களாம், முருங்கைக்கீரைன்னா உசுராம். அசிட்ரோம், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம தடுக்குற மாத்திரை விட்டமின் கேவுக்கு எதிரா வேல செய்யுது, கீரையில விட்டமின் கே நெறைய. அதுக்காக அடியோட நிறுத்த வேண்டாம். ஒரு வாரம் கட்டுக்கட்டா, மறு வாரம் ஒண்ணுமில்லாம இருக்குறதுதான் ஆபத்து. வாரத்துக்கு இத்தன தடவ, இத்தன கரண்டின்னு ஒரே அளவா வச்சுக்கிட்டு, அதுக்குத் தக்கன ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்ளோ நேரம் ஆகுதுங்கிற டெஸ்ட், பாத்து டாக்டர் மாத்திரைய சரி பண்ணுவார். ஸ்டென்ட்டுக்குக் குடுக்குற ஆஸ்பிரின், குளோபிடோக்ரெலுக்கு இந்தக் கணக்கு கெடையாது, கீரைய அள்ளிப் போடுங்க, ரெண்டையும் கொழப்பிக்காதீங்க.

நவம்பர் 9
வலங்கைமான்காரர் திரும்ப வந்திருக்கார். கேப்சூல் வாங்கலையாம், மூணு மாச டெஸ்ட்ல எல்டிஎல் 66 வந்துச்சாம். சந்தோஷம். ஒரு டப்பா மட்டும் சொந்தக்காரர் சும்மா குடுத்துட்டுப் போனது கெடக்குதாம், என்ன செய்யலாம்னு கேக்குறார். என் கடைக்கு அனுப்பாதீங்க, நான் திரும்ப எடுக்குறதில்ல.

கூடவே அவங்க வீட்டம்மா ஒரு கேள்வி கேக்கச் சொன்னாங்களாம்: வாரம் ரெண்டு நாள் வாழைப்பூ, கையில கறை போக மாட்டேங்குது, அதுக்கு எதாவது மாத்திரை இருக்கான்னு. உரிக்கிறதுக்கு முன்னாடியே கையில நல்லெண்ணெய் தடவிக்கச் சொல்லுங்க. மறந்துட்டா புளிய நனைச்சுத் தேய்க்கணும். எனக்கு இன்னைக்கும் மறந்து போச்சு, டைப் அடிக்கிற வெரலப் பாத்தா ஓட்டு போட்டுட்டு வந்த மாதிரி இருக்கு.